பயிற்சிக்கு மறுநாள் வகுப்பறையில்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால், பயிற்சிக்குப் பஞ்சமில்லை என்றுதான் சொல்வார்கள். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை என ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், அதற்குக் கீழே குறுவள மையங்கள், மாவட்டத்துக்குக் காளையார்கோவிலில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் (எல்லோரும் சொல்வது டயட்). பருவத்துக்கு ஒரு பயிற்சியாவது வந்துவிடும். காலையில் வருகைக் கையெழுத்து, புரொஜெக்டரில் ஸ்லைடு, இடையில் டீயும் வடையும், மதியத்துக்கு மேல் குழுக் குழுவாக உட்கார்ந்து சார்ட்டில் எழுதுவது, கடைசியில் பின்னூட்டப் படிவம். வெளியே வரும்போது எல்லார் கையிலும் ஒரு கையேடு.

மறுநாள் வகுப்பில் என்ன மாறுகிறது? கல்வி ஆய்வாளர்கள் கடந்த இருபதாண்டாக உலகம் முழுக்க இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்திருக்கும் பதில் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு உவப்பானதல்ல. கூடத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது மட்டும் என்றால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. மாறிய இடங்களில் திரும்பத் திரும்பத் தென்படுவது, பயிற்சி கொடுத்தவரோ அவரைப் போன்ற ஒருவரோ பிறகு வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தது.

நம் பயிற்சி ஏன் நீர்த்துப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள அது இறங்கி வரும் பாதையைப் பார்த்தாலே போதும். சென்னையில் மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு, மாவட்டத்தார் ஒன்றியக் கருத்தாளர்களுக்கு, ஒன்றியத்தார் ஆசிரியர்களுக்கு. மேலே நாலைந்து நாள் எடுத்து, கேள்வி கேட்டு, செய்து பார்த்தது கீழே வரும்போது ஓரிரு நாளாகச் சுருங்குகிறது. சுருக்கும்போது எதைத் தள்ளுவார்கள்? செய்து பார்ப்பதைத்தான். ஸ்லைடு மட்டும் ஒரு வரி குறையாமல் வந்து சேரும்.

அரசு பெரிய அளவில் நடத்தும் ஆசிரியர் பயிற்சிகளுக்கும், ஆய்வில் பலன் தந்த பயிற்சிகளுக்கும் என்ன வேறுபாடு என்று அன்னா போபோவா, டேவிட் எவன்ஸ் முதலானோர் 14 நாடுகளில் 139 திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். பலன் தந்தவற்றில் அடிக்கடி காணப்பட்டவை: ஒரு குறிப்பிட்ட பாடத்தை மையமாக வைத்தது, பயிற்சியிலேயே ஆசிரியர்கள் பாடம் நடத்திப் பார்த்தது, பயிற்சி முடிந்தபின் யாராவது பள்ளிக்குத் தேடி வந்தது. அரசுத் திட்டங்களில் பொதுவாகக் காணாமற்போவதும் இவைதான்.

இதைவிடத் தெளிவான சோதனை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அங்கே வடமேற்கு மாகாணத்தில் தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குத் தாய்மொழி வாசிப்பைக் கற்பிப்பதற்கு ஒரே பாடத்திட்டக் குறிப்பு, ஒரே வாசிப்புப் புத்தகங்கள் கொடுத்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தந்தார்கள். இன்னொரு பகுதிக்கு வகுப்புக்கே பயிற்றுநரை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பிள்ளைகளின் வாசிப்பை அளந்தபோது, முதல் வகையில் முன்னேற்றம் 0.12 திட்ட விலக்கம், இரண்டாவதில் 0.24. இந்த அலகு பழக்கமில்லாதவர்களுக்குச் சொன்னால், நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்தினால் 50ஆம் இடத்துப் பிள்ளை, ஓரிடத்துக்கு வரவழைத்துத் தந்த பயிற்சியால் 55ஆம் இடத்துக்குப் போகும். வகுப்பறைத் துணையால் 59, 60ஆம் இடத்துக்குப் போகும். புத்தகமும் குறிப்பும் இரு பக்கமும் ஒன்றே. கூடுதலாகக் கிடைத்தது ஓர் ஆளின் வருகை.

ஆள் எதற்கு, வாட்ஸ்அப் இருக்கிறதே என்று இன்று யாரும் கேட்பார்கள். அதையும் அதே நாட்டில் சோதித்திருக்கிறார்கள். டேப்லெட்டில் பாடக்குறிப்பு, தொலைபேசியிலும் செய்தியிலும் ஆலோசனை என்று ஒரு வகை. நேரில் வரும் பயிற்றுநர் இன்னொரு வகை. மூன்று ஆண்டு முடிவில், நேரில் வந்த பள்ளிகளில் பிள்ளைகளின் ஆங்கிலப் பேச்சும் வாசிப்பும் முன்னேறின. தொலைவிலிருந்து வழிகாட்டிய பள்ளிகளில் பேச்சு ஓரளவு முன்னேறியது, வாசிப்பு முன்னேறவில்லை. நம் ஒன்றிய வாட்ஸ்அப் குழுக்களில் ‘பெறப்பட்டது, நன்றி’ என்று கைகூப்பும் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இந்தியாவுக்குள்ளேயே ஒரு சான்று உண்டு, நமக்கு அதுதான் மிக நெருக்கமானது. பிள்ளைகளை வகுப்புவாரியாக அல்லாமல் வாசிக்கும் நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையைப் பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு பல மாநிலங்களில் கொண்டுபோனது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் அதை மதிப்பிட்டார்கள். பீகாரிலும் உத்தராகண்டிலும் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. அதே முறை ஹரியானாவில் பலித்தது: மொழிப்பாடத்தில் 0.15 திட்ட விலக்கம். ஹரியானாவில் என்ன வேறாகச் செய்தார்கள்? பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் வட்டார அலுவலர்களை முதலில் ஆசிரியர்களாக்கினார்கள். 15 முதல் 20 நாள் வரை அவர்களே பிள்ளைகளுக்கு இந்த முறையில் பாடம் நடத்தினார்கள். அதன்பிறகுதான் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளைப் பார்க்கப் போனார்கள். இதற்கென்று பள்ளி நேரத்தில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. தான் செய்து பார்த்ததைச் சொல்பவருக்கும் படித்ததைச் சொல்பவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதற்காக வகுப்பறைக்குள் யார் வந்தாலும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில், பிள்ளைகள் எதில் பின்தங்கியிருக்கிறார்கள் என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். அவ்வப்போது வந்து வகுப்பையும் கவனித்தார்கள். கவனிக்க ஆள் இருந்த நேரத்தில் ஆசிரியர்கள் கூடுதல் முனைப்புடன் நடத்தினார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளைத் தரப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்த பெரிய முயற்சியின் கதையும் இதேதான். திட்டங்கள் எழுதப்பட்டன, பதிவேறின. பள்ளி நடப்பதிலும் பிள்ளைகள் கற்பதிலும் மாற்றம் தெரியவில்லை. ஆனால் அது வெற்றித் திட்டம் என்று பெயர் வாங்கி மேலும் விரிந்தது. ஆகவே வருபவர் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறாரா, கூட உட்கார வருகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூட உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று தொழில் செய்த காலத்தில் நகரத்தார் வீட்டுப் பையன்கள் சின்ன வயதிலேயே கடைக்குப் போவார்கள். பெட்டியடிப் பையன் என்று பெயர். கடையை நடத்தும் மேலாள் கைப்பெட்டியை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார், பையன் பக்கத்தில். கடிதத்தைப் படியெடுப்பது, பேரேட்டில் பற்று வரவு பதிவது, வட்டி போடுவது, கடைசியில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுப்பது என்று வேலை ஏறிக்கொண்டே போகும். தப்பு நேர்ந்த இடத்திலேயே, மை காயும்முன் திருத்தம் விழும். பிறகு அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். ஆய்வாளர்கள் இன்று தொழில்வழிப் பயிலல் என்றும் வகுப்பறைத் துணை என்றும் பேசுவதன் உறுப்புகள் எல்லாம் இதில் இருக்கின்றன: உண்மையான வேலை, பக்கத்தில் அனுபவசாலி, உடனடித் திருத்தம், படிப்படியாகக் கூடும் பொறுப்பு. இதைப் பொற்காலமாக்கிப் பேசவும் வேண்டாம். ஒரு சாதியின் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் திறந்திருந்த கதவு அது. அடியும் உதையும் தாராளமாகவே இருந்திருக்கும். முறையை எடுத்துக்கொள்வோம், மற்றதை விட்டுவிடுவோம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வரி கொடுத்தாக வேண்டும். எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவனைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் தன் முறையை உருவாக்கினார். 1797இல் லண்டனில் அவர் அறிக்கை வெளியானபின் இது மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்தில் பரவியது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளைதான் கப்பலேறிப் போனார்.

சரி, வகுப்பறைக்குள் வருபவர் எதைப் பார்க்க வேண்டும்? சுவரில் ஒட்டிய சார்ட்டையும் பாடக்குறிப்பேட்டையும் பார்த்துவிட்டுப் போனால் பழைய கதைதான். ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு கற்பியுங்கள் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். செட்டிநாட்டில் பரப்பளவு நடத்த தரையில் பதிக்கும் சதுரமான ஆத்தங்குடிக் கல்லைவிட நல்ல பொருள் கிடையாது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒருவர், தரையில் நீளவாக்கில் 6 கல், அகலவாக்கில் 4 கல் உள்ள ஒரு கட்டத்தைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு எவ்வளவு? பிள்ளைகள் எண்ணி 24 கல் என்கிறார்கள். அருமை. அடுத்து, சுற்றளவு எவ்வளவு? பிள்ளைகள் ஓரத்துக் கற்களைச் சுற்றி எண்ணுகிறார்கள்: 16. டீச்சர் சூத்திரம் போடுகிறார்: 6 கூட்டல் 4, பெருக்கல் 2, விடை 20. பிள்ளைகளின் விடை தப்பு, திரும்ப எண்ணுங்கள் என்கிறார். திரும்ப எண்ணினாலும் 16தான் வருகிறது. யாருக்கும் கண்ணில் பொய் இல்லை. சுற்றளவு என்பது கற்களின் எண்ணிக்கை அல்ல, ஓரத்து விளிம்புகளின் நீளம். மூலைக் கல்லுக்கு வெளியே பார்த்த விளிம்பு இரண்டு, நாலு மூலைக்கும் நாலு கூடுதல், 16 இருபதாகிறது. பிள்ளைகள் எண்ணியதில் தப்பில்லை, எண்ணிய பொருள்தான் வேறு. விளிம்பின்மேல் ஒரு நூலை ஓட்டச் சொன்னால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இப்படிப்பட்ட அறிவுக்கு ஒரு தனி இடம் கொடுத்தார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று. இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் பிள்ளை எப்படி வழுக்கும், எதைக் காட்டினால் நிமிரும் என்று தெரிவது மூன்றாவது, அது முந்தைய இரண்டையும் கூட்டினால் தானாக வந்துவிடாது என்பது அவர் வாதம். பி.எட். பட்டம் முதலிரண்டுக்குச் சான்று தரலாம். மூன்றாவதைப் பிள்ளைகள் 16 என்று சொல்லும் நிமிடத்தில், பக்கத்தில் விஷயம் தெரிந்த இன்னொருவர் இருந்தால்தான் சுருக்கமாகக் கற்க முடியும். இல்லையென்றால் ஆண்டுக்கணக்காகும், அல்லது வராமலே போகும்.

வருபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது. மேரி பட் ரோ என்பவர் 1970களில் அமெரிக்க வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். சராசரியாக ஒரு நொடிதான். அதற்குள் பதில் வரவில்லையென்றால் ஆசிரியரே சொல்லிவிடுவார், அல்லது வேறு பிள்ளையைக் கேட்பார். அதை மூன்று நொடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்த பிள்ளைகள் பேசினார்கள், தெரியாது என்ற மௌனம் குறைந்தது. நம் ஊரில் ஒரு நொடி கூடத் தேவைப்படாத ஒரு கேள்வி உண்டு: ‘புரிஞ்சுதா?’ வகுப்பே சேர்ந்து ராகமாக ‘புரிஞ்சுது டீச்ச...ர்’ என்று முடித்துவிடும். யாருக்குப் புரிந்தது என்று அந்தக் கோரஸிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மூன்று நொடி காப்பதற்குப் பட்ஜெட் வேண்டாம், பழக்கம் மாறினால் போதும். ஆனால் தான் எவ்வளவு காக்கிறோம் என்பது நடத்துகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

மனப்பாடம் பற்றியும் ஒரு குழப்பம் தெளிய வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். பிறகு சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னே: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நினைவிலிருந்து தேடி எடுப்பதே கற்பதுதான் என்பது இதன் சாரம். எனவே சிலேட்டில் சொல்வதெழுதுதல், நேற்று நடத்தியதில் மூன்று கேள்வி என்று வகுப்பைத் தொடங்குவது, வாய்ப்பாட்டை இடையிலிருந்து கேட்பது எல்லாம் பத்தாம்பசலி வேலைகள் அல்ல. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வினா விடையைப் பொருள் தெரியாமல் முற்றுப்புள்ளி உள்பட ஒப்பிக்கவைப்பதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது, அவ்வளவே. மதிப்பெண் போடாத, பயமுறுத்தாத சின்னச் சோதனைகளுக்குத்தான் இங்கே பேச்சு.

இவை எல்லாம் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தால் எளிது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். செட்டிநாட்டுக் கிராமங்களில் பல பள்ளிகள் இந்த ரகம்: ஐந்து வகுப்பு, இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன நாளில் மீதிப்பேர் ஒருவரே. ஒரே அறையில் ‘அ’ எழுதும் பிள்ளையும் பின்னம் போடும் பிள்ளையும் இருக்கும்போது, வகுப்பு வாரியான பாடநூலும் கால அட்டவணையும் காகிதத்தில்தான் இருக்கும். பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏறும் செயல்வழிக் கற்றல் அட்டைகளும் ஏணியும் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது இதற்கு விடையாகத்தான். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. ஹரியானாவில் பலன் தந்த கருத்தின் உறவுதான் இது. கருத்து சரி. அரும்பிலிருக்கும் பிள்ளை மொட்டுக்கு வந்துவிட்டதா என்று முடிவெடுக்கிற அந்தக் கண்தான் கடினம், அதைக் கையேடு தராது.

நிலையறிந்து கற்பிப்பது தமிழ்நாட்டிலேயே வேலை செய்திருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. கொரோனாவில் பள்ளிகள் 18 மாதம் மூடிக்கிடந்தபின், கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் ஊர்ப்புறத்துப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைச் சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் 0.7, தமிழில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். நடுவில் நின்ற பிள்ளை கணக்கில் 24ஆம் இடத்துக்கு இறங்கியதற்குச் சமம். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே உள்ள பெண்கள். ஆசிரியர்களுக்கு இது குறைவுமில்லை, போட்டியுமில்லை. மீதிப் பங்கில் பெரும்பகுதி பள்ளிக்கூடம் திறந்ததால்தான் வந்திருக்கிறது.

இனி, இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விஷயம். செட்டிநாட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துப் பழகியவர்கள் உண்டு. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்கினார். அடுத்தடுத்துப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், மாண்டிசோரிப் பள்ளி, அவற்றோடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1985இல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகமும் அமைந்தது. ஊருக்குக் கல்லூரி வந்தால் போதும் என்று நிற்காமல், கற்பிக்கிறவர்களை உருவாக்கவும் ஓரிடம் வேண்டும் என்று நினைத்தது சாதாரண விஷயமில்லை.

இன்றைய கொடை பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோயில் திருவிழாவுக்கு வரும் பழைய மாணவர், படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார். உடனே நினைவுக்கு வருவது வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, நுழைவாயில் வளைவு, பெயர் பொறித்த கல்வெட்டு. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் இத்தகைய கொடைக்கு முறையான வழியையும் திறந்திருக்கிறது. கழிப்பறையும் கூரையும் கட்டாயம் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் பொருள்களை மட்டும் கொடுத்தால் கற்றல் கூடிவிடுவதில்லை. கென்யாவில் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் பலன் பெற்றார்கள். மற்றவர்களால் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே முடியவில்லை. ஓய்வுபெற்ற நல்ல முதல் வகுப்பு டீச்சர் ஒருவர், வாரம் மூன்று நாள் பத்துப் பள்ளிகளைச் சுற்றி வருவதற்குப் போக்குவரத்தும் மதிப்பூதியமும் கொடுக்க ஓர் அறக்கட்டளை முன்வந்தால் ஸ்மார்ட் போர்டைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம் கிடைக்கும் என்பது என் எண்ணம். கல்வெட்டில் பொறிப்பதுதான் சிரமம்.

ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றிய சூடு இப்போது எல்லா ஓய்வறையிலும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேறியாக வேண்டும் என்றது. சட்ட விவாதம் தனி. கற்பித்தல் என்ற கோணத்தில் பார்த்தால், கொள்குறி வினாத்தாள் ஆசிரியருக்குப் பாடம் தெரியுமா என்பதைச் சொல்லும். 16 என்று சொன்ன பிள்ளையிடம் அவர் அடுத்து என்ன கேட்பார் என்பதைச் சொல்லாது.

கடைசியில் எல்லாம் ஆசிரியர் பயிற்றுநரிடம் வந்து நிற்கிறது. வட்டார வள மையத்தில் இந்தப் பதவி ஏற்கெனவே இருக்கிறது, சம்பளம் கொடுக்கப்படுகிறது, பள்ளிப் பார்வையும் அவர் வேலைப் பட்டியலில் உண்டு. புதிதாக உருவாக்க வேண்டியது எதுவுமில்லை. ஆனால் அவர் பள்ளிக்கு வரும் நாளில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் (எமிஸ் என்பது பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசு இணையத்தளம்):

“டீச்சர், எமிஸ்ல உங்க ஸ்கூல் பெண்டிங் காட்டுது. இன்னைக்குள்ள ஏத்திருங்க.”

“சரிங்க சார். மூணாம் வகுப்புல ரெண்டு பிள்ளைக 52ல 27 போனா 35ன்னே போடுதுங்க. எத்தன தடவ சொன்னாலும்...”

“அடுத்த தடவ வரும்போது பாக்குறேன் டீச்சர். இன்னும் நாலு ஸ்கூல் போகணும்.”

அந்த 35 கவனக்குறைவு கிடையாது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று படித்த பிள்ளை, ஒன்றாம் இடத்திலும் 7இலிருந்து 2ஐக் கழிக்கிறது. விதியைப் பிசகாமல் பின்பற்றித் தவறான விடைக்கு வருகிறது. திரும்பத் திரும்பச் சொன்னால் போகாது. பத்துக் கட்டு ஒன்றைப் பிரித்துக் குச்சிகளாக்கிக் காட்டும் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம்தான் பள்ளிப் பார்வையின் பயன், அதுதான் அன்றைக்கு நடக்காமல் போனது.

பயிற்றுநரைக் குறை சொல்வது நியாயமில்லை. பட்டதாரி ஆசிரியர் தகுதியில் ஒரு பாடத்துக்குத் தேர்வாகி வந்தவர் அவர். ஒன்றாம் வகுப்பில் ‘அ’ எழுதவைத்த அனுபவம் பலருக்கு இருக்காது. இருபது பள்ளிகள் அவர் பொறுப்பில் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒரு முழு நாள் என்றாலே அந்த மாதத்தின் வேலைநாள்கள் தீர்ந்துவிடும். மற்ற கூட்டங்களும் கணக்கெடுப்புகளும் அதற்கு மேலே. 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மேத்யூ கிராஃப்ட் குழுவினர், வகுப்பறைத் துணை ஆசிரியர் கற்பிக்கும் முறையை 0.49, பிள்ளைகளின் அடைவை 0.18 திட்ட விலக்கம் உயர்த்தியதாகக் கண்டார்கள். அதே தொகுப்பில், திட்டத்தைப் பெரிதாக்கியபோது பலன் வெகுவாகக் குறைந்தது. ஒருவருக்குப் பத்துப் பள்ளி என்பது இருபதாகி, கவனம் சிதறும்போது அதுதான் நடக்கும்.

ஒன்றியம் முழுக்க ஒரே நாளில் மாற்ற முயலாமல், ஒரு குறுவள மையத்தில் தொடங்கலாம். ஆறேழு பள்ளிகள் போதும். பயிற்றுநர் முதலில் மூன்று வாரம் ஒரு பள்ளியில் ஒன்று, இரண்டு வகுப்புகளைத் தானே எடுத்து நடத்தட்டும், ஹரியானாவில் செய்தது போல. அதன்பின் அந்த ஆறேழு பள்ளிகளுக்கு மட்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கையில் படிவமில்லாமல் போகட்டும். குறுவள மையக் கூட்டத்தில் ஸ்லைடுக்குப் பதிலாக ஓர் ஆசிரியர் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பெடுக்கட்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் பாட ஆய்வு இதுதான். ஒரு பருவம் கழித்துப் பலன் இருந்ததா என்று காளையார்கோவில் டயட்டும் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையும் சேர்ந்து அளக்கலாம். பக்கத்துக் குறுவள மையத்தின் பிள்ளைகளையும் அதே சோதனையில் சேர்த்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தமுண்டு.

இதற்கு வேண்டியது புதுப் பணமல்ல, ஓர் ஆணை. அந்த ஒரு பருவத்துக்கு அந்த ஒரு பயிற்றுநரின் எமிஸ் வேலையை யார் பார்ப்பது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.